விருந்து மாணவரும் வீட்டாரும்



பள்ளிப் படிப்பின் நடுவே ஒரு கல்வியாண்டு, அதாவது சுமார் பத்து மாதம், வேறொரு நாட்டுக்குப் போய், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர்ப் பள்ளியிலேயே படித்துத் திரும்புகிற பிள்ளைகளைப் பரிமாற்ற மாணவர்கள் என்கிறோம். அவர்கள் போகிற ஊர்களிலெல்லாம் ஒரு சடங்கு நடக்கும். பள்ளி அரங்கிலோ நூலகத்திலோ ரோட்டரி சங்கக் கூட்டத்திலோ அந்த மாணவரை முன்னே நிறுத்துவார்கள். தேசிய உடை, கொடி, வரைபடம், திரையில் இருபது படங்கள், தட்டில் ஓர் இனிப்பு, முடிந்தால் ஒரு நடனம். அரை மணி நேரத்தில் ஒரு நாட்டைச் சொல்லி முடித்துவிடலாம். எல்லோரும் கைதட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் இதற்கு வசதியாக நவம்பரில் ஒரு வாரமே உண்டு. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டின் வெளியுறவுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து சர்வதேசக் கல்வி வாரம் என்று அதைத் தொடங்கின. பரிமாற்ற மாணவர்கள் வகுப்பு வகுப்பாகப் போய்த் தங்கள் நாட்டைப் பற்றிப் பேசுவது அந்த வாரத்தின் வழக்கம்.

இந்தச் சடங்கை நான் கேலி செய்யவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அந்நிய மொழியில் அந்நியர் முன்னால் எழுந்து நின்று பேசுவது சாமானிய காரியம் இல்லை. ஆனால், தன் நாட்டைப் பிறருக்குப் புரியவைக்கிற வேலையில் இந்த அரை மணி நேரத்தின் பங்கு மிகச் சிறியது என்பது என் கருத்து. சில சமயம் அது கெடுதலும் செய்கிறது. உண்மையான வேலை மீதிப் பத்து மாதத்தில், வீட்டுக்குள் நடக்கிறது. அங்கேயும் அது தானாக நடந்துவிடாது. அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை தங்க வந்த மாணவரின் கையில் இல்லை, தங்க இடம் கொடுத்தவர்களின் கையில் இருக்கின்றன. இன்றைக்கு நான் வாதிட வந்தது இவ்வளவுதான். இதற்கு ஆதாரமாக ஒரு நாட்டின் கதையைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த நாடு ஆஸ்திரேலியா. 1901இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவான அதே ஆண்டில் அதன் நாடாளுமன்றம் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. ஆசியர்கள் வரக் கூடாது என்று அதில் பச்சையாக எழுதவில்லை. வருகிறவர் ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை அதிகாரி வாசிக்க வாசிக்க எழுதிக்காட்ட வேண்டும் என்று மட்டும் எழுதினார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆங்கிலம் தெரிந்த ஆசியர் வந்து நின்றால் வேறொரு மொழியில் தேர்வு வைத்துத் திருப்பி அனுப்பலாம். ஆசியரல்லாத, வேண்டாத ஆட்களுக்கும் அந்தப் பூட்டு பயன்பட்டது. பிராகில் பிறந்த எகோன் கிஷ் என்ற இடதுசாரி எழுத்தாளர் 1934இல் வந்தபோது, அவருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் நேர்மைக்கு இந்த ஒரு சாட்சி போதும். தேர்வு 1958 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. இப்படி ஆசியர்களை ஒதுக்கிவைத்த ஏற்பாடு முழுவதற்கும் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை என்று பெயர் நிலைத்தது.

இப்படிக் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடுதான் 1951இலிருந்து ஆசியர்களை மாணவர்களாக உள்ளே அழைத்தது. அதற்கு முந்தின ஆண்டு ஜனவரியில் காமன்வெல்த் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்சி ஸ்பெண்டரும் இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் முன்னின்று பேசிய யோசனைகளிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. ஆசியாவில் கம்யூனிசம் பரவாமல் தடுப்பது அதன் வெளிப்படையான அரசியல் நோக்கம். ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் இன்னொரு கவலையும் இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகளில் வெள்ளைக் கொள்கையால் அதன் பெயர் கெட்டுக்கிடந்தது. ஆசிய இளைஞர்களை அழைத்து, படிக்கவைத்து, நன்றாக நடத்தி அனுப்பினால் ஊருக்குப் போய் நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்பது கணக்கு. படிப்பு முடிந்ததும் திரும்பிப் போய்விட வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். 1980களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 20,000 பேர் இந்தத் திட்டத்தில் அங்கே படித்தார்கள். பின்னாளில் இந்தோனேசியாவின் துணைக் குடியரசுத் தலைவரான போயிடியோனோ அப்படிப் படித்தவர். சரவாக் மாநிலத்தின் முதலமைச்சராக நெடுங்காலம் இருந்த தாயிப் மஹ்மூதும் அப்படியே. சொந்தச் செலவில் வந்து படித்தவர்கள் இன்னும் அதிகம். மலாயா, சிங்கப்பூர், இலங்கை, இந்தியா ஆகிய இடங்களிலிருந்து போனவர்களில் தமிழர்களும் உண்டு. கறாராகப் பார்த்தால் கொழும்புத் திட்டத்தில் வந்தவர்கள் உதவித்தொகை மாணவர்கள், பரிமாற்ற மாணவர்கள் அல்லர். ஈடாக ஆஸ்திரேலியப் பிள்ளைகள் ஆசியாவுக்கு வரவில்லை. அந்தக் குறையைப் பின்னால் பேசுவோம்.

வந்த மாணவர்களுக்குத் தங்க இடம் வேண்டும். பலர் ஆஸ்திரேலியக் குடும்பங்களில் சாப்பாட்டோடு சேர்த்து அறை எடுத்துத் தங்கினார்கள். விடுதியில் இருந்தவர்களைக் கிறிஸ்துமஸ் விருந்துக்கும் நீண்ட விடுமுறைக்கும் வீடுகளுக்கு அனுப்பிவைக்கத் தேவாலயங்களும் ரோட்டரி போன்ற சங்கங்களும் கிராமப்புற மாதர் சங்கமும் முன்வந்தன. மாணவர்கள் அந்தச் சங்கங்களில் பேசவும் செய்தார்கள். அன்றும் உடை உண்டு, நடனம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் வேறொன்று நடந்தது. ஆஸ்திரேலியரின் ஆசிய பயம் எண்ணிக்கையால் ஆன பயம்: வடக்கே கோடிக்கணக்கான பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள், விட்டால் வெள்ளமாக வந்துவிடுவார்கள் என்ற பயம். அப்படிக் கூட்டமாகவே நினைத்துப் பழகிய மனத்துக்கு, ஒரே ஒரு பொறியியல் மாணவரைத் தினமும் காலைச் சாப்பாட்டு மேசையில் பார்ப்பது புதிய அனுபவம். அவருக்குப் பெயர் இருக்கிறது. அவருக்குத் தேர்வு பயம் இருக்கிறது, ஊரில் தங்கை இருக்கிறாள், சிலவற்றில் பிடிவாதம் இருக்கிறது. இந்த ஒருவரை அந்தக் கோடிக்குள் வைத்துப் பார்க்க முடியவில்லை. ஒரு வாரம் பழகியதில் இது நடக்காது; நல்ல சொற்பொழிவு கேட்டும் நடக்காது.

வீட்டுக்கு வெளியேயும் காற்று மாறத் தொடங்கியது. 1960இல் மெல்பர்னில் குடியேற்றச் சீர்திருத்தக் குழு என்ற சிறு அமைப்பு, நிறத்தின் பெயரால் ஆளை ஒதுக்குவதை எதிர்த்து ஒரு நூலை வெளியிட்டது. பல்கலைக்கழக மாணவர்கள் கிளர்ந்தார்கள். அவர்களில் பலர் ஆசிய மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தவர்கள். 1966இல் பிரதமர் ஹெரால்ட் ஹோல்ட்டின் அரசு விதிகளைத் தளர்த்தியது. ஐரோப்பியரல்லாதவர்கள் நிரந்தரமாகத் தங்க 15 ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றிருந்ததை 5 ஆண்டாக்கியது. தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்கவும் வழிவிட்டது. 1973இல் பிரதமர் விட்லமின் அரசு அந்தக் கொள்கையை அடியோடு எடுத்தது. இவை எல்லாவற்றையும் மாணவர்கள்தான் செய்தார்கள் என்று சொன்னால் அது மிகை. 1957இல் ஜப்பானோடு வர்த்தக ஒப்பந்தம் வந்தது. 1961இல் நிறவெறி விஷயத்தில் தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்து நம் முறையோ என்று ஆஸ்திரேலிய அரசியல்வாதிகள் யோசிக்க வேண்டியிருந்தது. சந்தையும் ராஜதந்திரமும் தங்கள் வேலையைச் செய்தன. ஆயினும், இப்படி ஒரு மாற்றத்தை அரசு அறிவித்தபோது மக்கள் கொதித்து எழவில்லை என்பதைக் கவனியுங்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஊட்டி வளர்த்த பயம் அது. அந்தக் கொதிப்பு ஏன் வரவில்லை என்று கேட்டால், பதினைந்து ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் வந்து போன மாணவர்களை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவைப் பற்றி ஆசியர்கள் நினைப்பதை மாற்றவேண்டும் என்று போட்ட திட்டம், ஆசியர்களைப் பற்றி ஆஸ்திரேலியர்கள் நினைப்பதை மாற்றியது. திட்டம் போட்டவர்கள் கனவிலும் எதிர்பார்க்காத பலன் இது.

மேடையில் நடக்காதது வீட்டில் ஏன் நடக்கிறது? கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954இல் தப்பெண்ணத்தின் இயல்பைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. இரண்டு கூட்டத்தார் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மட்டும் பகை குறையாது என்றார் அவர். இருவரும் சம நிலையில் சந்திக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒரு நோக்கம் வேண்டும். அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும். சட்டமும் வழக்கமும் அதிகாரத்தில் இருப்பவர்களும் அந்தச் சந்திப்பை ஆதரிக்க வேண்டும். அதன்பிறகு வந்த ஆய்வுகளைத் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 2006இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள்: 515 ஆய்வுகள், 38 நாடுகள், இரண்டரை லட்சம் பேர். பழக்கம் கூடக்கூடத் தப்பெண்ணம் குறைவதே பொதுவான போக்கு என்றும், ஆல்போர்ட் சொன்ன நிபந்தனைகள் இருக்கும்போது அது இன்னும் நன்றாகக் குறைகிறது என்றும் கண்டார்கள். இந்த அளவுகோலை நம் சடங்கின் மேல் வைத்துப் பாருங்கள். மேடையில் சமநிலை கிடையாது. ஒருவர் காட்டுகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். கொலுப் படியில் ஏற்றிவைத்த பொம்மையிடம் யாரும் வாக்குவாதம் செய்வதில்லை. பொதுவான நோக்கமும் இல்லை, சேர்ந்து செய்கிற வேலையும் இல்லை. வீட்டில் இவை எல்லாமே இருக்கின்றன. பாத்திரம் கழுவ வேண்டும், காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும், சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இருக்கிற ஒரே குளியலறைக்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அற்ப வேலைகளில்தான் சமநிலை பிறக்கிறது. தன் வீட்டில் இப்படிச் செய்ய மாட்டோம் என்று மாணவர் சொல்கிற இடமும், ஏன் செய்ய மாட்டீர்கள் என்று வீட்டம்மா கேட்கிற இடமும் அங்கேதான் வரும்.

அடுத்து, மாணவர் எந்த நாட்டை அறிமுகம் செய்கிறார் என்ற கேள்வி. நம் பிள்ளை ஒருவர் அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே இருப்பவர்களின் மனதில் இந்தியா என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தாஜ்மகால், ஹிந்தி, யோகா, ஹோலிப் பொடி, திரைப்பட நடனம். நம் பிள்ளை அதற்குள் தன்னைத் திணித்துக்கொள்ளத் தொடங்குகிறார். வீட்டில் ஒருநாளும் ஹோலி கொண்டாடியிராத பிள்ளை அங்கே ஹோலியைப் பற்றிப் பேசுகிறார். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது அதுதான், படங்களும் அதற்குத்தான் கிடைக்கின்றன. பொங்கலைப் பற்றிச் சொன்னால் அறுவடையில் தொடங்க வேண்டும், தைமாதக் கணக்கில் தொடங்க வேண்டும். அரை மணி நேரம் போதாது. இப்படித் தன் நாட்டின் பிரதிநிதியாக நிற்கப் போனவர், தனக்கே தெரியாத ஒரு நாட்டின் பிரதிநிதியாகிவிடுகிறார். மேடைச் சடங்கு செய்யும் கெடுதல் என்று நான் சொன்னது இதைத்தான். வீட்டில் பத்து மாதம் இருந்தால் இந்தச் சாயம் வெளுத்துவிடும். இவர் பேசுவது ஹிந்தி இல்லை, இவர் வீட்டில் இட்லிக்கு மாவரைப்பார்கள், பக்கத்து மாநிலத்துக்காரரோடு ஆங்கிலத்தில் பேசுவார், இவர் கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோகூட இருக்கலாம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவரும். கொழும்புத் திட்டத்தில் வந்த மலாயா மாணவர்களிடம் ஆஸ்திரேலியர்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடமும் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஒரே நாட்டிலிருந்து மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று மூன்று விதமாக வந்து நின்றார்கள். ஆசியர் என்ற ஒரே பெட்டி அங்கேயே உடைந்துபோகும். ஒரு நாடு ஒன்றாக இல்லை என்று தெரிந்துகொள்வது, அந்த நாட்டைத் தெரிந்துகொள்வதில் பாதி.

இங்கே ஒரு சங்கடம் எழும். வீட்டில் நெருங்கிப் பழகினால் வீட்டார் நெருங்கியே கேட்பார்கள். உங்கள் நாட்டில் சாதி இன்னும் இருக்கிறதா? உன் சாதி எது? கலப்புத் திருமணம் செய்தவர்களைக் கொல்கிறார்களாமே, உண்மையா? பிள்ளை என்ன சொல்ல வேண்டும்? வெளிநாட்டில் போய் வீட்டு அழுக்கைக் காட்டக் கூடாது, நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வா என்று அனுப்பிவைக்கிற பெற்றோர் உண்டு, ஆசிரியர்களும் உண்டு. இந்த அறிவுரையின் பின்னால் இருக்கிற மான உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அது பலிக்காது. கேள்வி கேட்டவர் செய்தித்தாள் படித்துவிட்டுத்தான் கேட்கிறார். இல்லை என்று மறுத்தால், அதன்பிறகு பிள்ளை சொல்லுகிற நல்லதையும் நம்ப மாட்டார். குறையை மறைக்காததால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1957இல் அமெரிக்க வெளியுறவுத் துறை லூயி ஆம்ஸ்ட்ராங் என்ற ஜாஸ் இசை மேதையைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கலாசாரத் தூதராக அனுப்பத் திட்டமிட்டிருந்தது. அந்தச் செப்டம்பரில் ஆர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பினப் பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்குள் விடாமல் மாநில ஆளுநர் படையை நிறுத்தினார். ஆம்ஸ்ட்ராங் அரசை வெளிப்படையாகச் சாடிவிட்டு, போக மாட்டேன் என்றார். அவர் போய்ப் பாடியிருந்தால் மாஸ்கோவில் அமெரிக்காவுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைத்திருக்கலாம். போக மறுத்ததால், தன் நாட்டின் அரசையே முகத்துக்கு நேரே குறைசொல்லக்கூடிய குடிமகன் அங்கே இருக்கிறான் என்று உலகுக்குத் தெரிந்தது. எது பெரிய விளம்பரம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். சாதியைப் பற்றிக் கேட்டால், இருக்கிறது, எங்கள் ஊரில் இப்படி இருக்கிறது, அதை எதிர்த்து நூறாண்டுக்கு மேலாக இன்னின்னார் போராடியிருக்கிறார்கள், நான் இப்படி நினைக்கிறேன் என்று சொல்கிற பிள்ளை, இருபது படங்கள் காட்டுகிற பிள்ளையைவிட ஆழமாகத் தன் நாட்டை அங்கே நட்டுவிட்டு வருகிறார். அப்படிச் சொல்லிவிட்டு, உங்கள் நாட்டில் கறுப்பர்களின் நிலை என்ன என்று திருப்பிக் கேட்கிற உரிமையும் அவருக்கு உண்டு. அந்த உரிமையைக் கொடுக்காத வீடு நல்ல விடுதியாக வேண்டுமானால் இருக்கலாம்.

இதற்கு மேல் மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலாவது, இதெல்லாம் அரசாங்கப் பிரசாரம் என்பது. ஒரு பங்கு உண்மைதான். சோவியத் ஒன்றியம் சிதறியதும் 1992இல் அந்தப் பகுதிப் பள்ளி மாணவர்களுக்காக அமெரிக்கா ஃபிளெக்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002இல், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளுக்காக யெஸ் என்ற திட்டம் வந்தது. இந்தியாவும் அதில் சேர்க்கப்பட்டது. எந்த ஆண்டில் எந்த நாட்டுப் பிள்ளைகள் மேல் திடீர்ப் பாசம் பிறந்தது என்று பார்த்தாலே நோக்கம் விளங்கிவிடும். ஆனால் நோக்கம் ஒன்று, விளைவு வேறு என்பதை ஆஸ்திரேலியாவில் பார்த்தோம். ஒரு பிள்ளையை ஒரு குடும்பத்துக்குள் விட்டபிறகு அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதை எந்த அமைச்சகமும் எழுதிக்கொடுக்க முடியாது. இந்த மறுப்பில் நான் ஒப்புக்கொள்கிற நியாயம் வேறொன்று. ஒரே திசையில் போகிற பரிமாற்றம் பரிமாற்றமே இல்லை. வலுவான நாடு அழைக்கிறது, மற்ற நாடுகள் பிள்ளைகளை அனுப்பிக் கற்றுக்கொண்டு வரச் சொல்கின்றன. இந்த ஏற்பாட்டில் சமநிலை வாசலிலேயே அடிபட்டுவிடுகிறது. பிரான்சும் ஜெர்மனியும் 1963இல் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கையோடு இரு நாட்டு இளைஞர் அலுவலகம் ஒன்றை ஏற்படுத்தின. எழுபது ஆண்டுக்குள் மூன்று முறை ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட நாடுகள் அவை. இருபுறமும் பிள்ளைகள் போனார்கள், இருபுறமும் வீடுகள் திறந்தன. இதுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளையவர்கள் அதன் வழியாகப் போய்வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் காலம் கடந்தாவது இதை உணர்ந்தது. 2014இல் தொடங்கிய புதிய கொழும்புத் திட்டம் தன் நாட்டு மாணவர்களை ஆசியாவுக்கு அனுப்புகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. பழகப் பழகப் பாலும் புளிக்கும், பழக்கமே வெறுப்பை வளர்த்த கதைகள் உண்டே என்பது. உண்டு. எகிப்தின் சையித் குதுப் 1948 முதல் 1950 வரை அமெரிக்காவில் படித்தார்; அதில் சில மாதங்கள் கொலராடோவின் கிரீலி என்ற சிற்றூரில் இருந்தார். மது விற்பனைக்கே இடமில்லாத, தேவாலயங்கள் நிறைந்த, அடக்கமான ஊர் அது. அங்கேயிருந்து அவர் அமெரிக்கா மீது தீராத அருவருப்போடு திரும்பினார். அவர் எழுத்துக்கள் பிற்காலத் தீவிர இஸ்லாமிய இயக்கங்களுக்குத் தீனியாயின. ஆனால் அவர் போகும்போதே நாற்பது வயதைத் தாண்டியவர், பெயர்பெற்ற எழுத்தாளர், தம் முடிவுகளைப் பெட்டியில் கட்டி எடுத்துக்கொண்டு போனவர். கிரீலி அவற்றை உறுதிப்படுத்திக்கொள்ளும் இடமாக மட்டுமே அவருக்குப் பயன்பட்டது. இன்னொரு கதை மாஸ்கோவில் நடந்தது. 1960இல் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கென்றே சோவியத் அரசு ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து, அடுத்த ஆண்டு அதற்குக் காங்கோ நாட்டுத் தலைவர் லுமும்பாவின் பெயரை வைத்தது. மக்கள் நட்புறவு என்பது அதன் பெயரிலேயே இருந்தது. 1963 டிசம்பரில் கானா மாணவர் ஒருவர் மர்மமாக இறந்தபோது ஏறத்தாழ 500 ஆப்பிரிக்க மாணவர்கள் செஞ்சதுக்கத்தில் திரண்டு, மாஸ்கோ இன்னோர் அலபாமா என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். அலபாமா அன்று நிறவெறிக்குப் பேர்போன அமெரிக்க மாநிலம். மாஸ்கோவில் விழாக்களுக்கும் நட்புறவு மாலை நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. மாணவர்கள் வாழ்ந்தது விடுதிகளில். அந்நியரை வீட்டுக்கு அழைத்துப் பழகுவதைச் சந்தேகத்தோடு பார்த்த சமூகம் அது. இரண்டு கதையிலும் ஆல்போர்ட்டின் நிபந்தனைகளில் பாதிகூட நிறைவேறவில்லை. ஆகவே இவை என் வாதத்துக்கு எதிரானவை என்று எனக்குத் தோன்றவில்லை. மேடை மட்டும் இருந்து வீடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ்கோவைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

மூன்றாவது மறுப்பு பெற்றோருடையது: பிள்ளையின் பாதுகாப்பு. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1992 அக்டோபர் 17 இரவு, லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஜப்பானிலிருந்து, மாணவர் பரிமாற்றத்தை நடத்தும் ஏ.எஃப்.எஸ். அமைப்பின் வழியாக வந்து ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்த 16 வயது மாணவர், ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். அந்த வீட்டுக்காரர் சுட்டதில் இறந்தார். குற்ற வழக்கில் சுட்டவர் விடுதலையானார். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கக் கோரி ஜப்பானில் 17 லட்சம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 1993இல் அது ஜனாதிபதி கிளின்டனிடம் போய்ச் சேர்ந்தது. அந்த மாணவரின் பெற்றோர், அமெரிக்க மாணவர்கள் ஜப்பானுக்கு வந்து தங்கிப் படிப்பதற்கென ஒரு நிதியையும் ஏற்படுத்தினார்கள். மகனைப் பறிகொடுத்தவர்கள் செய்த காரியம் அது. வெளியே இருந்து அதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இவ்வளவு சொல்லலாம்: முன்பின் தெரியாத வீட்டில் தங்கும் பிள்ளை எல்லா வகையிலும் அந்த வீட்டை நம்பி இருக்கிறார். அமெரிக்க விதிகள் வீட்டில் உள்ள பெரியவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கச் சொல்கின்றன. உள்ளூர்ப் பொறுப்பாளர் மாதம் ஒருமுறை மாணவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்கின்றன. அனுப்புகிற பெற்றோர் இந்த ஏற்பாடுகள் தாளில் இருக்கின்றனவா, நடப்பில் இருக்கின்றனவா என்று துருவிக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கடைசியாக நம்மைப் பற்றி. நாம் இந்த விஷயத்தில் எப்போதும் அனுப்புகிறவர்களாகவே யோசிக்கிறோம். வாங்குகிறவர்களாகவும் இருக்க வேண்டிய முறை நமக்கு உண்டு. ஏ.எஃப்.எஸ். முதலாம் உலகப் போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சென்ற ஆம்புலன்ஸ் தொண்டர் படையாகத் தொடங்கியது. இரண்டு போர்களையும் பார்த்த அதன் தலைவர் ஸ்டீஃபன் கலாட்டி 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்காவுக்கு வரவழைத்தபோது, அவர்களை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் ஒரு காசும் வாங்கவில்லை. இன்றும் அந்த வழக்கம் தொடர்கிறது. இந்தியாவிலும் பள்ளிகள் வெளிநாட்டு மாணவர்களை ஏற்கின்றன, குடும்பங்கள் இடம் தருகின்றன. விருந்தோம்பலில் நமக்குப் பழம்பெருமை உண்டு. ஆனால் நம் விருந்தோம்பலில் ஒரு கோளாறும் உண்டு. விருந்தாளியை உட்காரவைத்துப் பரிமாறிக்கொண்டே இருப்போம். அவர் எழுந்து சமையலறைக்குள் வந்தால் பதறுவோம். வந்த மாணவிக்குப் புடவை கட்டி, பூ வைத்து, நம் கலாசாரத்தை அவருக்குக் காட்டிக்கொண்டே பத்து மாதத்தையும் ஓட்டிவிடுவோம். அவர் என்ன சாப்பிட்டு வளர்ந்தார், அவர் வீட்டில் அப்பா அம்மாவை எப்படி எதிர்த்துப் பேசுவார், சாவு விழுந்தால் என்ன செய்வார்கள், கடவுள் இல்லை என்று சொன்னால் அங்கே யார் கோபப்படுவார்கள் என்று கேட்க மறந்துவிடுவோம். கேட்காத வீட்டில் எந்த மாணவரும் தன் நாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஆகவே இங்கே இருக்கிற தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளிக்கு ஒரு வெளிநாட்டு மாணவர் வந்தால் வரவேற்பு விழாவை ஒரு மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அவரை மாதம் ஒருமுறையாவது வெவ்வேறு மாணவர்களின் வீட்டுக்கு, வசதியான வீடுகளுக்கு மட்டுமல்லாமல், அனுப்புங்கள். அந்த வீட்டு அடுப்பில் அவர் ஊர்ச் சமையல் ஒன்றை அவரே செய்யட்டும். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். நம்மிடம் அவருக்குப் பிடிக்காதது எது என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள்.